மாமன் சீராக வந்த ரேம்

"எங்கூட்டு கம்ப்யூட்டரு பதினேழு நிமிசம் செத்துப் போயிருந்துச்சுங்க தம்பி. மூச்சில்ல, பேச்சில்ல. நான் ஒரு திருப்புளியத் தொடல, ஒரு வயரப் புடுங்கல. பக்கத்துல உக்காந்து கதை ஒண்ணு சொன்னேன். கதை முடியறதுக்குள்ள அதுவா எந்திரிச்சு உக்காந்துக்கிச்சு. அதுக்கு முந்தியே அதும்பட வேகத்தக் கொறச்சு உட்டிருந்தோம். கொறச்சதுக்கப்பறந்தான் உங்க வேலையே முடிஞ்சுது."

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, புதுச்சத்திரத்தில், மகளுடைய போனைத் தன் காதில் வைத்துக்கொண்டு செங்கோடன் இப்படிச் சொன்னார். எதிர்முனையில் இருந்தவர் பள்ளிபாளையத்தில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் மேனேஜர். பெயர் அறிவு. கேட்டுவிட்டு அவர், "மேடத்துகிட்டக் குடுக்கறீங்களாய்யா?" என்றார்.

நம்பாதது அறிவின் குற்றமில்லை. செங்கோடன் சொல்வதை நம்பாமல் இருக்க நாமக்கல் சீமையில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் பழக்கம் உண்டு. முப்பத்தொரு வருசம் போர்வெல் ரிக் வண்டியில் இந்தியா முழுக்கத் துளை போட்டுவிட்டு ஓய்வாக வந்து உட்கார்ந்தவர் அவர். போட்ட துளைகளைவிட விட்ட கதைகள் ஆழமானவை. ஜோத்பூர் பக்கம் ஒருமுறை தண்ணீர் பீறிட்ட உயரத்தில் விமானம் மோதிவிடக் கூடாதே என்று அதன் உச்சியில் சிவப்பு விளக்கு கட்டியவர். கர்நாடகத்துக் கரும்பாறையில் துளைக்கும் பிட் இறங்கிய சூட்டில் மூன்று நாள் அடுப்பு இல்லாமலே பதினோரு பேருக்குச் சோறாக்கியவர்.

இந்தக் கதைகளையெல்லாம் ஒரே சொல்லால் வெட்டிச் சாய்க்க ஒரே ஆள்தான் இருந்தாள். அவருடைய மகள் தமிழ்ச்செல்வி. "பொய்" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டாள். மூன்று வயதில் ஆரம்பித்தது. அப்பன் விடுவதும் மகள் வெட்டுவதும் அந்த வீட்டில் காலைக் காப்பியைப் போல. வெட்டு விழுந்தால்தான் செங்கோடனுக்குக் கதை முடிந்த மாதிரி இருக்கும்.

அந்த வெட்டுதான் ஏழு மாதமாக விழவில்லை.

தமிழ்ச்செல்வி பெங்களூரில் ஒன்பது வருசம் கம்ப்யூட்டரில் வீடு கட்டினாள். இன்னும் எழும்பாத வீடுகளுக்கு உள்ளே சோபாவும் திரைச்சீலையும் போட்டு, இல்லாத ஜன்னல் வழியாக இல்லாத வெயிலை விழவைத்து, வாங்குபவன் இப்போதே குடியேறிவிடலாம் என்று நினைக்கும்படி படம் செய்து தருகிற வேலை. ஒரு புதன்கிழமை கம்பெனி நூற்றைம்பது பேரை வீடியோ காலில் கூப்பிட்டது. ஒரு பெண் நல்ல குரலில் நான்கு நிமிடம் பேசினாள். எல்லோருடைய மைக்கையும் கம்பெனியே அணைத்து வைத்திருந்தது. பேச்சு முடிந்தபோது வேலையும் முடிந்திருந்தது. அவள் ஊருக்குத் திரும்பி வந்து ஏழு மாதம்.

அதை அவள் துக்கம் என்று சொல்லமாட்டாள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு தாடை இருக்குமே, நாக்கால் தொட்டால் யாரோ ஒருத்தருடைய தாடையைத் தொடுகிற மாதிரி, அப்படி இருந்தது. அவளுக்கு உடம்பு முழுக்க அந்த ஊசி. சோறு சோறாக இறங்கியது. தூக்கம் தூக்கமாக வந்தது. யாராவது ஏதாவது கேட்டால் "சரிங்க" என்பாள்.

செங்கோடனுக்கு இது பிடிபடவில்லை. பொய்யின் அளவைக் கூட்டிப் பார்த்தார். சேலத்து மேம்பாலம் இரண்டடி கோணலாக நின்றதாகவும், தன் ரிக் வண்டியில் சங்கிலி கட்டி இழுத்து அதை நேராக்கியதாகவும் ஒருநாள் சோற்றுக்கு நடுவில் சொன்னார்.

"சரிங்கப்பா" என்றாள் தமிழ்ச்செல்வி. தட்டிலிருந்த முருங்கைக்காயை எடுத்துக் கடித்தாள்.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி கந்தம்மாள் சொல்வாள். அவரோ ஒரு வாரம் இறங்கவில்லை என்பார்.

ஏழு மாதத்தில் எழுபத்துச் சொச்சம் விண்ணப்பம் அனுப்பினாள். ஒரே ஒரு பதில் வந்தது, அறிவிடமிருந்து. வெளிநாட்டில் இருந்து பெட்ஷீட் வாங்குகிறவர்கள் வரப்போகிறார்கள். அவர்களுக்குக் காட்ட வேண்டிய பன்னிரண்டு டிசைனும் இன்னும் தறியில் ஏறவில்லை. பன்னிரண்டு அறையுள்ள ஒரு வீட்டுக்குள் நடந்து போகிற மாதிரி ஒரே படம் வேண்டும். அறைக்கொரு கட்டில், கட்டிலுக்கொரு டிசைன், கிட்டப் போனால் நூல் இழை தெரிய வேண்டும். திங்கட்கிழமை பத்து மணிக்குள் வந்துவிட்டால், பிடித்திருந்தால், சீசனுக்குச் சீசன் இந்த வேலை அவளுக்கு. வராவிட்டால் மும்பையில் வேறு ஆள் இருக்கிறான். அறிவு மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் இரண்டாவதையும் சேர்த்தே சொன்னார்.

இந்த வேலைக்குப் பழைய லேப்டாப் உதவாது. அதனால்தான் புது கம்ப்யூட்டர். வியாழக்கிழமை அப்பாவும் மகளும் சேலத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

கடையில் மதன் என்ற பையன் எல்லாவற்றையும் எடுத்து வைத்தான். பிராசஸர், மதர்போர்டு, தலையணை அகலத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு. அதுவரை செங்கோடன் வாய் திறக்கவில்லை. ரேம் என்றதும் நிமிர்ந்தார். காரணம், அதில்தான் எண் இருந்தது.

"அஞ்சாயிரத்து அறுநூறு இருக்குதுங்கக்கா. ஆறாயிரம், ஆறாயிரத்து நானூறு, ஏழாயிரத்து எரநூறு. எட்டாயிரம் வரைக்கும் போலாம்."

"எட்டாயிரத்த எடு சாமி" என்றார் செங்கோடன். கம்ப்ரஸர் வாங்கப் போனால் கடையிலேயே பெரிய பிரஷர் எதுவோ அதைத்தான் ரிக்காரர்கள் கேட்பார்கள். மற்றதெல்லாம் கிணற்று மோட்டார் வாங்குகிறவனுக்கு. "அதென்ன கண்ணு எட்டாயிரம்? ஓட்டமா?"

"நொடிக்கு எத்தனை தடவை சரக்கு ஏத்தி எறக்குதுங்கற கணக்குங்கய்யா. ஆறாயிரம்னா ஒரு நொடிக்கு அறுநூறு கோடித் தடவை."

செங்கோடன் கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் முதன்முறையாகத் தன்னைவிடப் பெரிய புளுகு ஒன்றைக் கேட்டிருந்தார். அதைச் சொன்னவனோ கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"ஆறாயிரம்" என்றாள் தமிழ்ச்செல்வி. "முப்பத்திரண்டு ஜிபி ஸ்டிக் ரெண்டு."

"எட்டாயிரம் இருக்கறப்ப ஆறாயிரம் எதுக்குச் சாமி?"

"இந்த பிராசஸர் ஆறாயிரம் வரைக்கும் ரேமோட ஒட்டி ஓடும்ப்பா. அதுக்கு மேல போனா ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு நிக்கும்."

மதன் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை ஏறியது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. "அறுவத்தி நாலு ஜிபி போதுங்களாக்கா? ஸ்டிக் நாலாப் போட்டா நூத்தி இருவத்தெட்டு ஆயிரும். ஆனா நாலு போட்டா ஆறாயிரத்துல நிக்காது, வேகம் உழுந்துரும். எது வேணும்னு நீங்கதான் சொல்லோணும்."

கேட்கவேண்டிய கேள்விதான். பன்னிரண்டு அறை, இழை இழையாகத் துணி. பழைய தமிழ்ச்செல்வியாக இருந்தால் ஒரு தாளை வாங்கிக் கணக்குப் போட்டிருப்பாள். இந்தத் தமிழ்ச்செல்விக்குக் கணக்கு என்று நினைத்ததுமே அலுப்பாக இருந்தது. ஆறாயிரம் என்பது பார்க்க வழுவழுப்பான எண்.

"போதும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் தயாராகி ஓடியது. வீட்டைக் கட்டி, கட்டில்களைப் போட்டு, துணிகளை விரித்தாள். ஆறு அறை வரைக்கும் குதிரையாகப் போனது. ஏழாவது அறையைத் திறந்ததும் மெமரி போதவில்லை என்று ஒரு வரி எழுதிக் காட்டிவிட்டு எல்லாவற்றையும் மூடியது. மறுபடி திறந்தாள். மறுபடி மூடியது. படத்துக்குத் தொண்ணூறு ஜிபிக்குக் குறையாமல் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அறுநூறு கோடித் தடவை சரக்கு ஏற்றுகிற லாரிதான், ஆனால் சரக்கு லாரிக்குள் கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை சேலம் போய் இன்னும் இரண்டு ஸ்டிக் வாங்கி வரலாம். அது அவளுக்குத் தெரியும். பஸ் நிற்கும் இடம் வரை நடந்து போவதை நினைத்துப் பார்த்தாள். நினைப்பு செருப்பு மாட்டுகிற இடத்தில் நின்றுவிட்டது. போனை எடுத்து, "மன்னிக்கவும், குறித்த நேரத்தில் முடிக்க இயலாது" என்று அறிவுக்குத் தட்டினாள். அனுப்பவில்லை. காலையில் அனுப்பிக்கொள்ளலாம். ஏழு மாதத்தில் வந்த ஒரே வேலை போகிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். யாருக்கோ நடந்ததைப் பேப்பரில் படிக்கிற மாதிரி இருந்தது. அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆட்டையாம்பட்டியிலிருந்து காளியப்பன் வந்து இறங்கினார். கந்தம்மாளின் தம்பி, தமிழ்ச்செல்விக்குத் தாய்மாமன். கோழித்தீவன லாரி இரண்டு வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் எவர்சில்வர் தட்டு. தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், அரை முழம் மல்லிகை, சர்க்கரைப் பொட்டலம். இவற்றுக்கு நடுவே, குங்குமப் பொட்டு வைத்து, ரேம் ஸ்டிக் இரண்டு.

நடந்தது வேறொன்றுமில்லை. கடையில் பார்த்த அதிசயத்தையெல்லாம் வியாழக்கிழமையே செங்கோடன் மைத்துனனிடம் போனில் பெருக்கிச் சொல்லியிருந்தார். சொல்கிற வேகத்தில், நாலு ரேம் போடுகிற இடத்தில் இரண்டு காலியாகக் கிடக்கிறது என்றும் சொல்லிவிட்டார். ரேம் டப்பாவைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தார். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். புதிதாக எந்த வண்டி வந்தாலும் அதற்கு முதல் சாமான் தாய்மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும். ரிக் வாங்கினால் டயர். டிராக்டர் வாங்கினால் சீட். மருமகள் வயிற்றுப்பிழைப்புக்கு வாங்குவதும் வண்டி மாதிரிதானே என்று காளியப்பன் முடிவு செய்துவிட்டார். அந்தப் படத்தைக் காட்டி, அதே கம்பெனி, அதே எண், அதே நிறத்தில் வாங்கி வந்திருந்தார்.

"நாலு சக்கரத்துல ரெண்டு இல்லாம வண்டி ஓடுமாக்கா?" என்றார் அக்காவிடம். "மாமன் ஒருத்தன் உசுரோட இருக்கறப்ப புள்ளைக்கு ஸ்லாட் காலியாக் கெடக்கலாமா?"

வேண்டாம் என்று சொல்வது லேசான காரியமில்லை. இருபது வருசத்துக்கு முன் அவர் சீராகக் கொடுத்த சீலிங் ஃபேன் ஒன்று பெட்டியிலேயே இருந்துவிட்டது. அதைப் பரண்மேல் பார்த்த நாளிலிருந்து இரண்டு வருசம் அவர் இந்த வாசலை மிதிக்கவில்லை. கந்தம்மாள் மகளைப் பார்த்தாள். கண்ணாலேயே, மாட்டு என்றாள்.

நூற்றிருபத்தெட்டு ஜிபி. படத்துக்கு அது போதும். தமிழ்ச்செல்விக்கு அது உடனே தெரிந்தது. தெரிந்ததே தவிர உள்ளே ஒன்றும் துள்ளவில்லை. "சரிங்க மாமா" என்று தட்டை வாங்கி, குங்குமத்தைத் துடைத்து, இரண்டையும் மாட்டினாள். மாட்டுவதற்குள் செங்கோடன் கம்ப்யூட்டர் கேபினட்டின் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கச் சக்கரம் இல்லாததால், தன் குதிகாலால் நசுக்கினார்.

காளியப்பன் கற்பூரம் கொளுத்தினார். அவள் சுவிட்சைப் போட்டாள். உள்ளே மின்விசிறிகள் சுழன்றன. மதர்போர்டின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. மூன்று நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தாள். மறுபடி போட்டாள். விசிறி, மஞ்சள் விளக்கு, கறுப்பு. கற்பூரம் எரிந்து முடிந்து தட்டில் கரி மட்டும் நின்றது.

"என்ற கை ராசி அப்பிடி" என்றார் காளியப்பன் மெதுவாக.

தமிழ்ச்செல்வி மதனுக்குப் போன் போட்டாள். கடையில் சனிக்கிழமைக் கூட்டம்.

"நாலு போட்டுட்டீங்களா? அதான் சொன்னனேக்கா, ஆறாயிரத்துல நிக்காதுன்னு. வட்ட பேட்டரி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதக் கழட்டி மாட்டுங்க. பழைய செட்டிங் போயி அதுவா மூவாயிரத்து அறுநூறுக்கு வந்துரும். மொத தடவ கொஞ்ச நேரம் எடுக்கும், ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. இருங்கண்ணா வாரேன், பில்லு போட்டுர்றேன்." போன் அணைந்தது.

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"ஆறாயிரம் போன வண்டி மூவாயிரத்து அறுநூறா?" காளியப்பனின் முகம் சுருங்கியது. "என்ற சீராலயா?"

"ஆமாங்க மாமா" என்றாள் தமிழ்ச்செல்வி.

கந்தம்மாள் அவள் முதுகில் கிள்ளினாள். அவளுக்கு உறைக்கவில்லை.

"அட மாப்ள, லோடு சேத்தி ஏத்துனா வண்டி மெதுவாத்தான் போகும்" என்றார் செங்கோடன். "அதுக்குன்னு பாதி லோட நடுரோட்டுல எறக்கி வெச்சுட்டா போவாங்க?"

பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். கந்தம்மாள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். தமிழ்ச்செல்வி குடித்து முடித்தபோது நான்கு நிமிடம் ஆகியிருந்தது. மஞ்சள் விளக்கு, கறுப்பு. அணைத்தாள். இன்னொரு முறை போட்டு ஆறு நிமிடம் பார்த்தாள். அணைத்தாள்.

டீ குடிக்கிற நேரம் என்று மதன் சொன்னது சேலத்துக் கடைக்காரர்களின் டீ. கீழே இறங்கி, நாலு பேரை விசாரித்து, பஜ்ஜி தின்று, கிரிக்கெட் பேசித் திரும்புகிற டீ. புது வேகத்தில் நாலு ரேமும் மதர்போர்டோடு பேசிப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். நடுவில் அணைத்தால் முதல் வணக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். அவசரத்தில் இருந்த மதன் அதைச் சொல்லவில்லை. தமிழ்ச்செல்விக்குத் தெரியாது. பெங்களூரில் வேறு யாரோ தயார் செய்து, அவள் மேஜைக்கு மெஷின் எப்போதும் எழுந்தே வந்தது.

காளியப்பன் வெளியே போய்த் தன் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டார். தட்டையும் கையோடு எடுத்துப் போயிருந்தார்.

"கடைசியா ஒருக்காப் போடு சாமி" என்றார் செங்கோடன்.

போட்டாள். போனில் பழைய செய்தி திறந்தபடியே இருந்தது. 'மன்னிக்கவும், குறித்த நேரத்தில் முடிக்க இயலாது.' அதற்கு மேலே மணி 11.02. ஐந்து நிமிடத்தில் எழவில்லை என்றால் மாமன் ரேமைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை அனுப்பிவிடலாம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கேபினட் இரண்டு எட்டுத் தள்ளி, சுவர் ஓரம் இருந்தது.

செங்கோடன் கேபினட் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். பெட்டி நசுங்கி அரையடி இறங்கியது. அதைப் பொருட்படுத்தாமல் தொடங்கினார்.

"மத்தியப்பிரதேசத்துல ஒரு ஊரு. ஊரு பேரு இப்ப வாயில வரமாட்டீங்குது. ஆயிரத்து நானூறு அடி போயும் தூசிதான். ஊர்த்தலைவரு நிறுத்திக்கலாம்னாரு. நான் சொன்னேன், கல்லுன்னா ஒரு முடிவு இருக்கோணுமில்லைங்க, பாத்தர்லாம்னு. ஓட்டறேன் ஓட்டறேன், குழிக்குள்ள எறக்கற ராடு தீந்து போச்சு. பக்கத்து ஜில்லாவுல இருந்து லாரியில ராடு வருது. பதினஞ்சு நாள். என்ற தாடி இதா, இது வரைக்கும்."

நெஞ்சைக் காட்டினார். தமிழ்ச்செல்வி மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் தாண்டியிருந்தது. எழுந்து இரண்டு எட்டு வைத்து அணைக்க வேண்டும். கையை எடுத்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். கை அங்கேயே இருந்தது. ஏழு மாதமாக எதற்கும் எழாத உடம்பு அது. இதற்கு மட்டும் எழுந்துவிடுமா என்ன.

"பதினாறாம் நாளு சத்தம் மாறுது. கடகடங்கறது போயி தொபுக்குனு ஒரு சத்தம். காத்துல உட்ட மாதிரி பிட்டு லேசாச் சுத்துது. எல்லாத்தையும் மேல தூக்குங்கடான்னேன். தூக்கறாங்க, தூக்கறாங்க, ரெண்டு நாளாத் தூக்கறாங்க. பிட்டு வெளிய வருது. பிட்டு நுனியில..." நிறுத்தி, வாசலைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "பிட்டு நுனியில ஒரு செருப்பு."

தமிழ்ச்செல்வியின் கண் மஞ்சள் விளக்கிலேயே இருந்தது.

"எடது கால் செருப்பு. ஒம்போதாம் நம்பரு. தோலு நம்மூரு தோலே இல்ல. கைல எடுத்துப் பாக்கறேன், உள்ள இன்னும் கதகதன்னு இருக்குது. இப்பத்தான் ஆரோ கழட்டியிருக்கறான். எனக்குப் புரிஞ்சு போச்சு. நம்ம பூமிக்கு அந்தப் பக்கம் போயிட்டோம்."

உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கந்தம்மாள் மாவு தள்ளிவிடுகிற சத்தம் கேட்டது.

"ஊர்த்தலைவரு செருப்பக் கண்ணாடிப் பெட்டியில வெக்கலாங்கறாரு. நான் கூடவே கூடாதுன்னுட்டேன். ஒத்தச் செருப்போட அவன் ஊடு போயிச் சேரோணும் பாரு, பாவம். செருப்ப பிட்டுலயே கட்டி, மறுக்கா எறக்கி, சரியா அதே எடத்துல உட்டு, ரெண்டு தட்டுத் தட்டினேன். கீழ இருந்து ஒரு இழுப்பு. வாங்கிட்டான். அமெரிக்காக்காரன், மருவாதி தெரிஞ்சவன்."

தமிழ்ச்செல்வியின் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. கதையின் அளவு அவளைத் தொடவில்லை. அதைவிடப் பெரியதையெல்லாம் ஏழு மாதத்தில் தாண்டி வந்தாயிற்று. படம் படமாக வீடு கட்டிப் பிழைத்தவள், எது எங்கே இருக்கிறது என்று பார்த்தே பழகியவள். ஒரு பொருள் இடம் மாறி இருந்தால் அவளுக்குக் கண்ணில் மண் விழுந்த மாதிரி.

"பொய்" என்றாள்.

உள்ளே மாவு தள்ளுகிற சத்தம் நின்றது.

"இந்தியாவுக்கு நேர் கீழ அமெரிக்கா இல்லீங்கப்பா. கடல். நடுக்கடல். செருப்பு வரவே வராது."

செங்கோடன் நசுங்கிய பெட்டியின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கப்பல்ல வந்தவன் கழட்டி வெச்சிருப்பான்" என்றார்.

"கப்பலுக்கும் தரைக்கும் நடுவுல அத்தனை கிலோமீட்டர் தண்ணி. உங்க ராடு வழியா அது மேல வந்திருக்கோணுமில்ல? மத்தியப்பிரதேசமே முழுகியிருக்கோணும்."

"முழுகல?" என்றார் செங்கோடன். "அந்த வருசம் பேப்பரு படிச்சியா நீயி?"

"பொய்யி. எல்லாமே பொய்யி. தாடி உட்பட. உங்களுக்குத் தாடியே வராது."

அவள் இன்னும் அடுக்கினாள். ராடின் நீளம், லாரியின் எண்ணிக்கை, பூமிக்குள்ளே இருக்கும் சூடு, அந்தச் சூட்டில் தோல் செருப்பு என்னவாகும் என்பது. பூமி முழுவதையும் ஒரு வடை மாதிரிக் காற்றில் வரைந்து எங்கே எது இருக்கிறது என்று காட்டினாள். செங்கோடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார், ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிடக் கேவலமாக இருந்தது. கந்தம்மாள் மாவுக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

அவள்தான் முதலில் பார்த்தாள். "டீவி எரியுது" என்றாள்.

திரையில் வெளிச்சம் வந்திருந்தது. ஒரு மூலையில் நூற்றிருபத்தெட்டு ஜிபி என்றும், பக்கத்தில் மூவாயிரத்து அறுநூறு என்றும் எழுதியிருந்தது. தமிழ்ச்செல்வி போனைப் பார்த்தாள். செய்தி அப்படியே இருந்தது. அதற்கு மேலே மணி. எழுத்தெழுத்தாக அந்தச் செய்தியை அழித்தாள். செங்கோடன் திரைப் பக்கம் திரும்பவேயில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கந்தம்மாள் வெளியே போய்த் தம்பியைக் கூட்டி வந்தாள். காளியப்பன் அந்த எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். தட்டைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்தார். சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் மருமகள் வாயில் போட்டார். அவள் வாங்கிக்கொண்டாள். இனிப்பாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

ஏழாவது அறை திறந்தது. எட்டாவது திறந்தது. பன்னிரண்டும் திறந்தன. வேகம் என்னவோ குறைவுதான், அறைக்குள் போக அரை நொடி யோசித்தது. ஆனால் போனால் விழாமல் நின்றது. சனிக்கிழமை மதியம் தொடங்கிய, படத்தை முழுதாக வரைந்தெடுக்கும் ரெண்டர் வேலை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு முடிந்தது. அந்த ஒன்றேகால் நாளும் செங்கோடன் கம்ப்யூட்டருக்குக் காவல் இருந்தார். ஈ உட்கார விடவில்லை. கரண்ட்டே பயந்துபோய்த்தான் ஒரு முறைகூட நிற்கவில்லை என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார். தமிழ்ச்செல்வி படத்தை ஒருமுறை பார்த்தாள். பன்னிரண்டாவது அறையில் விரிப்பின் ஒரு முனை நேராக இல்லாததைச் சரிசெய்து, படத்தில் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுத்து, ஏழு மணிக்கு அனுப்பினாள். சாப்பிட்டாள். தூங்கினாள்.

திங்கட்கிழமை பத்தரைக்கு அறிவு கூப்பிட்டபோது அவள் புறக்கடையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போனை எடுத்தது செங்கோடன். எடுத்தவர் சும்மா இருப்பாரா.

"உன்னைத்தான் கேக்கறாங்க" என்று நீட்டினார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"மேடம், வந்தவங்க படம் பாத்துட்டாங்க" என்றார் அறிவு. "நாலாவது ரூமுல அந்த நீலக்கட்டம் போட்டதுக்குக் கிட்டப் போயி, கையால தொடறாப்பல ஸ்கிரீனத் தொட்டுப் பாத்தாங்க. ஓகே ஆயிருச்சு. இனி சீசனுக்குச் சீசன் உங்களுக்குத்தான். பேப்பர் எல்லாம் இன்னிக்கு அனுப்பறேன்."

"சரிங்க" என்றாள்.

உள்ளே பெரிதாக ஒன்றும் குதிக்கவில்லை. ஊசி போட்ட தாடையில் எங்கோ ஒரு மூலையில் லேசாக ஊறல் எடுக்கிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான். இருந்தாலும் இன்னொரு தடவை, "சரிங்க சார்" என்றாள்.

"ஏனுங் மேடம், தப்பா நெனைக்காதீங்க" அறிவின் குரலில் சிரிப்பு முட்டியது. "உங்கப்பா என்னமோ சொன்னாரு. கம்ப்யூட்டரு பதினேழு நிமிசம் செத்துக் கெடந்துச்சு, கதை சொன்னதும் எந்திரிச்சுக்கிச்சு, வேகத்தக் கொறச்சதாலதான் வேலை முடிஞ்சுதுன்னு. நெசமாங்களா அது?"

ஈரக்கையோடு வாங்கியதால் அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். செங்கோடன் கொடியில் தொங்கிய துண்டு ஒன்றை அக்கறையாக நீவிவிட்டுக்கொண்டிருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"இல்லீங்க" என்றாள் தமிழ்ச்செல்வி.

துண்டை நீவிய கை நின்றது.

"பதினேழு இல்லீங்க. இருபத்தொண்ணு. பதினொண்ணு ரெண்டுக்குப் போட்டேன், பதினொண்ணு இருபத்திமூணுக்கு எந்திரிச்சுது. அப்பா கொறச்சுச் சொல்லிட்டாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "மத்ததெல்லாம் அவரு சொன்ன மாதிரியேதானுங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நடந்துச்சு."